ஏஐ டேட்டா சென்டர்களுக்கு அணுமின்சாரம்: இதில் பணம் போடலாமா?

பவானி சேகர்

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவின் படிப்புக்கென்று போட்டு வைத்த டெபாசிட் ஒன்று போன வாரம் முதிர்ந்தது. ஆறு லட்சம் ரூபாய். அவள் இப்போதுதான் நான்காம் வகுப்பு, அதனால் எட்டு வருடத்துக்கு இந்தப் பணத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு வருடமாக ஒரே விஷயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மைக்ரோசாஃப்ட், கூகுள், அமேசான், மெட்டா நான்கும் அமெரிக்காவில் அணுமின்சாரத்துக்காக ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. என் கணக்கு இதுதான். ஏஐ வளரும். அதற்கு இரவு பகல் பார்க்காமல் மின்சாரம் வேண்டும். சூரியன் ராத்திரியில் இல்லை, காற்று நம் இஷ்டத்துக்கு அடிக்காது, கரியைத் தொட மாட்டோம் என்கிறார்கள். மிச்சம் அணுதான். அமெரிக்கப் பங்கு வாங்கக் கணக்கும் திறந்துவிட்டேன். சிறு உலை (வழக்கமானதை விடச் சின்னதாக வடிவமைக்கும் அணு உலை) தயாரிக்கும் இரண்டு மூன்று கம்பெனிகளில் மொத்தத்தையும் பிரித்துப் போடலாம் என்று இருக்கிறேன். தவறென்றால் இப்போதே சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

சேகர், பணம் அனுப்புவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

தேவை பற்றி நீங்கள் சொல்வது சரி. 2024இல் உலக டேட்டா சென்டர்கள் தின்ற மின்சாரம் ஏறத்தாழ 415 டெராவாட் மணி, உலக மொத்தத்தில் ஒன்றரை சதவீதம். 2030க்குள் அது 945ஐ எட்டும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணிப்பு. ஆனால் "மின்சாரம் வேண்டும்" என்பதிலிருந்து "சிறு உலைக் கம்பெனிப் பங்கு ஏறும்" என்பதற்கு நீங்கள் ஒரே தாவாகத் தாவிவிட்டீர்கள். நடுவில் பத்து வருடம் இருக்கிறது.

அந்த ஒப்பந்தங்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் வாங்கப்போவது பென்சில்வேனியாவில் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தின் முதல் அலகு தரும் 835 மெகாவாட். அது 1974இலிருந்து ஓடி, 2019இல் மூடப்பட்ட உலை. மெட்டா 2025 ஜூனில் இருபது வருடத்துக்குக் கையெழுத்திட்டது இல்லினாய் மாநிலத்தின் கிளின்டன் நிலையத்துக்கு. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையம் அது. அமேசான் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா நிலையத்திடம் 2042 வரை 1,920 மெகாவாட் வாங்குகிறது. அதுவும் நாற்பது வருடப் பழசு. கூகுளுக்காக அயோவாவில் திரும்பத் திறக்கப்போகும் டுவான் ஆர்னால்டு நிலையம் 2020இல் மூடியது.

பெரிய பணம் போனதெல்லாம் ஏற்கெனவே கான்கிரீட்டாக நிற்கிற உலைகளுக்குத்தான். நீங்கள் வாங்க நினைப்பது காகிதத்தில் இருக்கும் உலைகளை. இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

சஸ்குவெஹானா கரை

நான் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். வேலைக்குப் போகிற வழியில் ஆற்றின் நடுவே அந்த த்ரீ மைல் தீவு தெரியும். நான்கு கோபுரங்கள். நான் வந்த புதிதில் இரண்டின் மேல் வெள்ளையாக நீராவி எழும். மற்ற இரண்டும் 1979இலிருந்து சும்மா நிற்பவை. குளிர்காலக் காலையில் ஊரே பனியில் மூடிக்கிடக்கும்போது அந்த நீராவி மட்டும் வெயிலில் இளஞ்சிவப்பாகத் தெரியும். 2019 செப்டம்பர் 20 அன்று அதுவும் நின்றது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 2024இல் அதே தேதியில், திரும்பத் திறக்கப்போகிறோம் என்று கான்ஸ்டெல்லேஷன் நிறுவனம் அறிவித்தது. இப்போது அதன் பெயர் கிரேன் நிலையம். முதலில் 2028 என்றார்கள், பிறகு 2027இலேயே முடியும் என்றார்கள்.

1979 மார்ச் 28 அன்று விபத்தில் எரிபொருள் பாதி உருகியது இரண்டாம் அலகில். இப்போது திறப்பது முதல் அலகு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனாலும் இங்கே இருப்பவர்களுக்கு அது ஒரே தீவுதான். விபத்து நடந்த மூன்றாம் நாள், ஐந்து மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி வயது ஆகாத குழந்தைகளும் வெளியேறலாம் என்று ஆளுநர் அறிவித்தார். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் அன்று கைக்குழந்தையோடு காரில் கிளம்பியவர். "வீட்டைப் பூட்டினேன், திரும்பி வருவேனா என்று தெரியாமல் பூட்டினேன்" என்று என்னிடம் சொன்னார். அவருடைய பேரன் இப்போது அந்த நிலையத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். பாட்டி தடுக்கவில்லை.

முதலீடு பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் மின்கட்டணம் ஏறியிருக்கிறது. அதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்ன கட்டணத்துக்கும் சேகர் கேட்ட கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அவர்கள் பகுதி மின்தொகுப்பை நடத்துவது பிஜேஎம் என்ற அமைப்பு. பதின்மூன்று மாநிலங்கள், ஆறரைக் கோடி மக்கள். "தேவைப்படும் நாளில் நான் தயாராக இருப்பேன்" என்று மின்நிலையங்கள் உறுதி கொடுப்பதற்கு மட்டுமே அங்கே தனியாக ஒரு ஏலம் நடக்கும். 2024-25க்கு அந்த விலை மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலர். அடுத்த வருடத்துக்கு 269.92. அதற்கும் அடுத்ததற்கு 329.17. அதுவும் உச்சவரம்பு வைத்துத் தடுத்ததால் அங்கே நின்றது.

இதை ஓர் ஆயிரம் மெகாவாட் நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள். தள்ளுபடிகளை விட்டுவிட்டால், முதல் வருடம் வருவது ஒரு கோடி டாலர் சொச்சம். அடுத்த வருடம் ஒன்பதே முக்கால் கோடிக்கு மேல். ஒரு யூனிட்கூட அதிகமாக உற்பத்தி செய்யவில்லை. அதே உலை, அதே ஆட்கள். பழைய உலை வைத்திருக்கும் கம்பெனிகளின் பங்கு ஏறியதற்கு ஏஐ ஒப்பந்தங்களைப் போலவே இதுவும் காரணம். அந்தப் பணம்தான் அக்காவின் பில்லில் வருகிறது. இந்த விலையேற்றத்தில் பெரும்பகுதிக்கு டேட்டா சென்டர்களின் தேவைதான் காரணம் என்று பிஜேஎம் சந்தையைக் கண்காணிக்கும் தனி அமைப்பே சொல்லியிருக்கிறது.

இதனால் வரும் ஆபத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மக்கள் பில் ஏறினால் அரசியல்வாதி சும்மா இருக்க மாட்டார். அந்த உச்சவரம்பே பென்சில்வேனியா ஆளுநர் சண்டை போட்டு வாங்கியது. 2024 மார்ச்சில் அமேசான் 65 கோடி டாலர் கொடுத்து சஸ்குவெஹானா நிலையத்தை ஒட்டியிருந்த டேட்டா சென்டர் வளாகத்தை வாங்கியது. உலையிலிருந்து நேராக ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்ற திட்டம். அந்த இணைப்பைப் பெரிதாக்கும் ஒப்பந்தத்தை அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் நிராகரித்தது. தொகுப்பின் செலவு மற்றவர்கள் தலையில் விழுமே என்பதுதான் விவாதத்தின் மையம். பிறகு 2025இல் ஒப்பந்தத்தையே மாற்றி, மின்சாரம் பொதுத் தொகுப்பு வழியாகவே போகும் என்று எழுதினார்கள். ஒரு வாக்கில் பங்கு விலை ஆடுகிற துறை இது.

நெய்தல்

நான் இந்தியாவில் ஓர் அணுமின் நிலையத்தில் டர்பைன் பிரிவில் 27 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மூடிய நிலையத்தைத் திறப்பதைச் செய்திகளில் சுவிட்ச் போடுவது மாதிரி எழுதுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டர்பைன் ரோட்டர் என்பது பல பத்து டன் எடையுள்ள தண்டு. ஷட்டவுன் ஆனதும் அதை அப்படியே நிறுத்திவிட முடியாது. சூட்டோடு ஒரே நிலையில் விட்டால் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஆறி, தண்டு வளைந்துவிடும். அதனால் டர்னிங் கியரில் போட்டு மெல்லச் சுற்றவிடுவோம். ஒரு நள்ளிரவு ஷிப்டில் டர்னிங் கியர் மோட்டார் நின்றுபோனது. நாங்கள் நாலு பேர் கைக்கருவியை மாட்டி, கடிகாரத்தைப் பார்த்து, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை தண்டை அரைச் சுற்று திருப்பினோம். விடியும் வரை. தண்டின் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தோம், மேலே வந்ததா கீழே போனதா என்று தெரிய. காலையில் மோட்டார் சரியானதும் வளைவு எவ்வளவு என்று டயல் கேஜில் பார்த்தபோது யாரும் பேசவில்லை. அளவுக்குள் இருந்தது.

நான் சொன்னது ஒரே ஒரு ராத்திரி. ஐந்து வருடம் நின்ற நிலையத்தில் குழாய், வால்வு, கேபிள், பேரிங் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மிச்சிகனில் பாலிசேட்ஸ் நிலையம் 2022 மேயில் மூடியது. அதைத் திறக்க அரசே 152 கோடி டாலர் வரை கடன் ஒதுக்கியது. 2024இல் பரிசோதித்தபோது நீராவி ஜெனரேட்டரில் (உலையின் சூட்டில் நீராவி உண்டாக்கும் கலன்) ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களில் கோளாறின் அறிகுறி தெரிந்தது. குழாய்க்குள் உறை செருகிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மூடி இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். த்ரீ மைல் தீவில் ஒரு நல்ல விஷயம், நீராவி ஜெனரேட்டர்களை 2009 வாக்கில்தான் புதிதாக மாற்றியிருந்தார்கள்.

இத்தனை கஷ்டத்துக்குப் பிறகும் இது மலிவு. கிரேன் நிலையத்தைத் திறக்க 160 கோடி டாலர் என்கிறார்கள். 835 மெகாவாட்டுக்கு வகுத்தால் கிலோவாட்டுக்கு 1,900 டாலர் சொச்சம். ஜார்ஜியாவில் வோக்டில் மூன்றாம், நான்காம் அலகுகளைப் புதிதாகக் கட்டினார்கள். 1,400 கோடி டாலரில் ஆரம்பித்த மதிப்பீடு 3,000 கோடியைத் தாண்டியது. ஏழு வருடம் தாமதம். நடுவில் உலையை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸே 2017 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அங்கே கிலோவாட்டுக்கு 13,000 டாலருக்கு மேல். ஏழு மடங்கு. தென் கரோலினாவில் இதே வகை உலை இரண்டை 900 கோடி டாலர் செலவழித்த பிறகு 2017 ஜூலையில் பாதியில் கைவிட்டார்கள்.

தம்பி, மூடிய நிலையங்களில் திரும்பத் திறக்கக்கூடியவை அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். மற்றதையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு மூன்று முடிந்ததும் அடுத்து என்ன என்பதுதான் உங்கள் எட்டு வருடத்துக்கான கேள்வி.

சியாட்டில் தமிழ்

நெய்தல் ஐயாவின் பதிவு அருமை. ஆனால் ஒரு பக்கம் விடுபடுகிறது.

வோக்டிலில் நான்காம் அலகு மூன்றாவதை விடக் கணிசமாக மலிவாக முடிந்தது. ஒரே ஆட்கள், ஒரே வரைபடம், முதல் தடவை செய்த தப்பை இரண்டாம் தடவை செய்யவில்லை. முதல் உலைக்கு யாரும் பணம் தராவிட்டால் ஐந்தாவது உலை ஒருநாளும் மலிவாகாது. இத்தனை காலம் அந்த முதல் உலையின் பாரம் சாதாரண நுகர்வோர் தலையில்தான் இருந்தது. இப்போது முதன்முறையாக ஆழமான பை உள்ளவர்கள் தாமாக முன்வருகிறார்கள். கூகுள் 2024 அக்டோபரில் புதுவகை உலை வடிவமைக்கும் கைரோஸ் நிறுவனத்தோடு போட்டது ஒரே உலைக்கான ஒப்பந்தம் அல்ல, 2035க்குள் 500 மெகாவாட் வரை வரிசையாகப் பல உலைகளுக்கு. அமேசான் சிறு உலை வடிவமைக்கும் எக்ஸ்-எனர்ஜியில் சுமார் 50 கோடி டாலர் முதலீட்டுக்குத் தலைமை தாங்கியது. எங்கள் வாஷிங்டன் மாநிலத்திலேயே, கொலம்பியா அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், 80 மெகாவாட் உலைகள் நான்கில் தொடங்குவதாகத் திட்டம்.

இது நடக்காவிட்டால் டேட்டா சென்டர்கள் நின்றுவிடாது. எரிவாயுவில் ஓடும். இப்போதே அப்படித்தான் ஓடுகின்றன. என் குழந்தைகள் சுவாசிக்கப்போகும் காற்று என்பதால் எனக்கு இது வெறும் பங்குச்சந்தை விஷயம் இல்லை. யாராவது துணிந்து போட்டால்தான் ஆகும்.

கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன், முழுமையாகவே. ஆனால் அமேசானுக்கு அந்த 50 கோடி போனால் போகட்டும். பாப்பாவின் ஆறு லட்சம் அப்படிப் போகக்கூடாது. ஒரு தொழில்நுட்பம் நாட்டுக்கு நல்லது என்பதும் அதன் முதல் கம்பெனிப் பங்கு நமக்கு லாபம் தரும் என்பதும் வேறு வேறு. யூட்டா மாநிலத்தின் நகராட்சி மின்வாரியக் கூட்டமைப்பு நியூஸ்கேலின் சிறு உலைகளை வாங்கவிருந்தது. ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 58 டாலர் என்று சொன்ன விலை 89 ஆனது. 2023 நவம்பரில் திட்டமே ரத்து. அமெரிக்காவில் முதல்முதலில் வடிவமைப்பு அனுமதி பெற்ற சிறு உலையின் கதை அது.

சேகர், ஒரு வேலை செய்யுங்கள். வாங்க நினைக்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து வருவாய் என்ற வரியைப் பாருங்கள். சிறு உலைக் கம்பெனியான ஓக்லோ 2024 மேயில் சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டறிக்கையில் விற்பனை வருவாய் என்று ஒரு டாலர்கூட இல்லை. அது குற்றம் அல்ல, இன்னும் உலை கட்டவில்லை, எதை விற்பது? ஆனால் உலை வரும் வரை சம்பளம், வடிவமைப்பு, அனுமதிச் செலவு எல்லாம் எங்கிருந்து வரும்? புதுப் பங்கு வெளியிட்டுத்தான்.

மதுமிதா

புதுப் பங்கு என்றதும் என் கதை ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம், அணு எரிசக்தித் துறையில் ஒரு சின்ன கம்பெனி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒன்றரை வருடம் மாதாமாதம் வாங்கினேன். கம்பெனி சொன்னபடி எல்லாம் நடந்தது: ஒப்பந்தம் வந்தது, அனுமதியில் ஒரு படி தாண்டினார்கள். ஆனால் ஒவ்வொரு நல்ல செய்திக்கும் பிறகு புதுப் பங்கு வெளியிட்டார்கள். நான் வைத்திருந்த எண்ணிக்கை குறையவில்லை, கம்பெனியில் என் பங்குதான் தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. கணிப்பு சரி, பணம் போச்சு. அதைச் சீரணிக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

பழைய உலைக் கம்பெனிதான் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். 2025 ஜனவரி 27 ஞாபகம் இருக்கிறதா? சீனாவின் டீப்சீக் குறைந்த செலவில் ஏஐ மாதிரி செய்துவிட்டது என்ற செய்தி. அன்று ஒரே நாளில் கான்ஸ்டெல்லேஷன் 20 சதவீதத்துக்கு மேல், பழைய உலைகள் வைத்திருக்கும் இன்னொரு கம்பெனியான விஸ்ட்ரா 28 சதவீதம் சரிந்தன. உலைகளில் அன்றும் முந்தின நாள் போலத்தான் மின்சாரம் உற்பத்தியானது. பின்னால் விலை மீண்டது என்பது உண்மை. ஆனால் அன்று ராத்திரி திரையைப் பார்த்துக்கொண்டு விற்காமல் இருந்திருப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், அண்ணா.

சுரங்கன்

யாரும் எரிபொருளைத் தொடவில்லையே. எந்தக் கம்பெனியின் உலை ஜெயித்தாலும் யுரேனியம் வேண்டும் என்று பலர் அந்தப் பக்கம் போகிறார்கள். காரணத்தில் தப்பில்லை. அணுமின்சாரச் செலவில் யுரேனியத்தின் பங்கு சின்னது, விலை ஏறினாலும் நிலையம் வாங்கித்தான் ஆகும்.

ஆனால் இந்தச் சந்தையின் பொறுமை வேறு மாதிரி. 2006 அக்டோபரில் கனடாவின் சிகார் லேக் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த வருடம் யுரேனியம் பவுண்டு 130 டாலரைத் தாண்டியது. அந்தச் சுரங்கத்திலிருந்து முதல் தாது வெளியே வந்தது 2014இல். அதற்குள் 2011இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 2016 இறுதியில் விலை 20 டாலருக்கும் கீழே. 2024 ஜனவரியில் மறுபடி 100ஐத் தாண்டி, பிறகு இறங்கியது. 2007இல் உச்சத்தில் வாங்கியவர் இன்னும் கைக்காசைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. புதுவகை உலைகள் பலவற்றுக்கு 5இலிருந்து 20 சதவீதம் வரை செறிவூட்டிய (பிளவுபடும் யுரேனியம்-235இன் அளவைக் கூட்டிய) யுரேனியம் வேண்டும். அதை வணிக அளவில் விற்றுக்கொண்டிருந்தது ரஷ்யா. உக்ரைன் போருக்குப் பிறகு அந்தக் கதவு மூடியதால், வயோமிங்கில் பில் கேட்ஸின் டெர்ராபவர் கட்டும் உலை குறைந்தது இரண்டு வருடம் தள்ளிப்போகும் என்று 2022 டிசம்பரில் அந்த நிறுவனமே சொன்னது. உலை தயாராகி எரிபொருள் இல்லாமல் நிற்கலாம். கம்பெனி எங்கிருந்து எரிபொருள் வாங்கப்போகிறது என்று பார்க்காமல் பங்கு வாங்காதீர்கள்.

பவானி சேகர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டினேன். மதுமிதா எழுதியதைத்தான் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள்.

இரண்டு கேள்விகள். நம் நாட்டுக் கம்பெனிகள் வழியாகப் போனால் என்ன? அப்புறம், ஒரு புது உலை நிஜமாகவே வருகிறது என்பதை வெளியில் இருக்கும் என்னைப் போன்றவன் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்குச் சுருக்கமாக. உலைகளை நடத்தும் இந்திய அணுமின் கழகம் பங்குச்சந்தையில் இல்லை. எல் அண்ட் டி உலைக்கலன் செய்கிறது, பெல் (BHEL) டர்பைன் செய்கிறது, ஆனால் அவர்கள் மொத்த வியாபாரத்தில் அணு ஒரு சின்ன மூலை. 2025 பட்ஜெட்டில் சிறு உலைகளுக்கு 20,000 கோடி ரூபாய் அறிவித்து, 2033க்குள் ஐந்து என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் எட்டு வருடத்தின் கடைசியில்தான் அது வரும். அமெரிக்கப் பங்கு ஒன்றே ஒன்று வாங்கினாலும் வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலை நிரப்ப வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

என் யோசனை: ஐந்து லட்சம் இந்த இழையைப் பார்க்காத மாதிரி சாதாரண இடத்தில் இருக்கட்டும். ஒரு லட்சம் வேண்டுமானால் ஓடும் உலை வைத்திருக்கும் கம்பெனி, யுரேனியம், இரண்டிலும் கலந்து, ஒரே நாளில் போடாமல் வருடம் முழுக்கப் பிரித்து. காகித உலைக்கு இப்போது வேண்டாம்.

சியாட்டில் தமிழ்

கடைசி வரியில் மட்டும் நான் உடன்படவில்லை. அந்த ஒரு லட்சத்தில் பத்தாயிரம் போடலாம், போனாலும் பாதகமில்லை என்று தெரிந்தே. பாப்பா கல்லூரிக்குப் போகும்போது அதைப் பற்றிப் பேச ஒரு காரணம் இருக்கும்.

நெய்தல்

இரண்டாம் கேள்விக்கு நான் சொல்கிறேன் தம்பி. ஒப்பந்தச் செய்தி வந்தால் படித்துவிட்டு வைத்துவிடுங்கள், அதில் பாதிக்கு மேல் "செய்யலாம் என்று நினைக்கிறோம்" வகை. கட்டுமான அனுமதி கிடைத்ததா என்று பாருங்கள். கைரோஸின் முதல் சோதனை உலைக்கு டென்னசியில் அது 2023 டிசம்பரில் கிடைத்தது. ஆனால் அந்த உலை மின்சாரமே தராது, வெப்பத்தை மட்டும் காட்டும். அதனால் அனுமதி எதற்கு என்பதையும் படிக்க வேண்டும். அப்புறம் அடித்தளத்தில் உலைக்கான முதல் கான்கிரீட் ஊற்றினார்களா? உலைக்கலனுக்கான பெரிய வார்ப்புக்கு ஆர்டர் கொடுத்து முன்பணம் கட்டினார்களா? அந்த வார்ப்பைச் செய்யும் பட்டறைகள் உலகத்திலேயே சில இடங்களில்தான் உண்டு, வரிசையில் நிற்க வேண்டும். எரிபொருளைச் சுரங்கன் சொல்லிவிட்டார்.

எங்கள் காலத்தில் நாங்கள் பார்த்தது இன்னும் எளிது. ஆபரேட்டர்களை லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்போம். கன்ட்ரோல் ரூமில் உட்காரும் ஆளைத் தயார்செய்ய வருடக்கணக்கில் ஆகும், ஓடாத உலைக்கு யாரும் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

சஸ்குவெஹானா கரை

ஐயா, எங்கள் பாட்டியின் பேரன் விண்ணப்பித்தது அந்த வேலைக்குத்தான். எழுத்துத் தேர்வு முடிந்து, பயிற்சிக்கு எடுத்துவிட்டார்களாம். நேற்று சாயங்காலம் சொன்னான்.

நெய்தல்

நல்ல செய்தி அம்மா. பையனிடம் சொல்லுங்கள், முதல் வருடம் சிமுலேட்டரில் எவ்வளவு நேரம் கொடுக்கிறார்களோ அவ்வளவையும் வாங்கிக்கொள்ளட்டும். ராத்திரி ஷிப்டு என்றாலும்.